நுரையீரல் புற்று செல்லின் வட்ட ஆர்.என்.ஏ நல்ல செல்லுக்குப் போகிறது என்பதை எதை வைத்து நம்புவது?

கேள்வி இதுதான்: நுரையீரல் புற்று செல்கள் வட்ட ஆர்.என்.ஏ-வை (நுனியில்லாமல் வளையமாக மூடிய ஆர்.என்.ஏ) எக்சோசோம் என்ற நுண்பைக்குள் வைத்து அக்கம்பக்கத்து நல்ல செல்களுக்கு அனுப்புகின்றன என்கிறார்கள். அது எப்படி நடக்கிறது, கட்டுரைகளை எந்த அளவுக்கு நம்பலாம்?

எக்சோசோமுக்குள் வட்ட ஆர்.என்.ஏ இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் அது வேலை செய்கிறதா என்பதில்தான் கட்டுரைக்குக் கட்டுரை தரம் மாறுகிறது.

புரதம் செய்யும் குறிப்பைத் தாங்கும் சாதாரண எம்.ஆர்.என்.ஏ-வுக்கு இரண்டு நுனிகள் உண்டு. நொதிகள் அங்கிருந்துதான் அதைக் கடிக்கத் தொடங்கும். வட்ட ஆர்.என்.ஏ-வில் பின்னால் வரும் எக்ஸானின் (எம்.ஆர்.என்.ஏ-வில் தங்கும் ஜீன் துண்டு) வால், முன்னால் இருக்கும் எக்ஸானின் தலையோடு ஒட்டிக்கொள்வதால் நுனியே இல்லை. அதனால் நீண்ட நேரம் தாக்குப்பிடிக்கிறது. வெளியே அனுப்பத் தோதான சரக்கு. அது ஏறும் எக்சோசோம் சுமார் 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள கொழுப்புச் சவ்வுப் பை.

2020-இல் வெளியான சர்க்-சாட்பி2 என்ற வட்ட ஆர்.என்.ஏ பற்றிய ஆய்வை எடுத்துக்கொள்வோம். நுரையீரல் புற்றில் ஏறத்தாழ 85 சதவீதம் சிறுசெல் அல்லாத வகை. ஆய்வு அந்த வகைச் செல்களில் நடந்தது. இந்த வட்டம் மைக்ரோ ஆர்.என்.ஏ-326-ஐ (மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது புரத உற்பத்தியை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ) பிடித்துவைக்க, அதன் கட்டுப்பாட்டிலிருந்த ஃபாசின் புரதம் கூடுகிறது. ஆக்டின் இழைகளைக் கற்றையாகக் கட்டி, செல் நகர்ந்து ஊடுருவ உதவும் புரதம் அது. எக்சோசோம் வழியாக இந்த வட்டத்தைப் பெற்ற இயல்பான மூச்சுக்குழல் செல்களும் அளவுக்கு மீறிப் பெருகின என்பது அந்த ஆய்வின் முடிவு. 2021-இல் வந்த சர்க்-யுஎஸ்பி7 ஆய்வில் பெறுநர் வேறு: புற்று செல்லைக் கொல்லும் சிடி8 டி செல்கள். அங்கே மைக்ரோ ஆர்.என்.ஏ-934 அடங்கி, டி செல்லுக்குத் தடை போடும் எஸ்.எச்.பி2 புரதம் கூடி, டி செல் செயலிழக்கிறது.

இந்த 'பிடித்துவைத்தல்' விளக்கத்தைப் படிக்கும்போது எண்ணிக்கையைக் கேளுங்கள். மூளையில் மிகுதியாக உள்ள சிடிஆர்1ஏஎஸ் வட்டத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ-7 ஒட்ட 70-க்கும் மேற்பட்ட இடங்கள் உண்டு. ஒன்றிரண்டு இடங்களோடு, செல்லுக்குச் சில பிரதிகள் மட்டுமே உள்ள வட்டம், ஆயிரக்கணக்கான மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களை எப்படி அடக்கும்? இது போதாதென்று, நன்கு பெருகியுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ-க்களே சராசரியாக ஒரு எக்சோசோமுக்கு ஒரு பிரதிகூடத் தேறுவதில்லை என்று 2014-இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். உள்ளே போன பைகளிலும் பெரும்பகுதி செல்லின் செரிமானப் பையான லைசோசோமில் செரித்துவிடும். பெறுநர் செல்லில் பிரதிகளை எண்ணாத கட்டுரையை நான் பாதி மதிப்பெண்ணோடுதான் படிப்பேன்.

சோதனை மேசையில் முதல் ஓட்டை சீரம். செல் வளர்க்கும் ஊடகத்திலுள்ள கன்றுக்குட்டிச் சீரத்திலேயே மாட்டு எக்சோசோம்கள் நிறைய. அதை 1,00,000 ஜி (புவியீர்ப்பின் மடங்கு) வேகத்தில் 18 மணி நேரமாவது சுழற்றி, மேல்திரவத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். சேகரித்த ஊடகத்தை 300, 2,000, 10,000 ஜி என்று படிப்படியாகச் சுழற்றி, ஒவ்வொரு முறையும் அடியில் படிவதைத் தள்ளிவிட்டு, கடைசியில் 1,00,000 ஜி-யில் 70 நிமிடம். படிவை உப்புக் கரைசலில் கழுவி அதே வேகத்தில் இன்னொரு முறை. எக்சோசோமின் அடையாளப் புரதங்களான சிடி63, டிஎஸ்ஜி101 தெரிய வேண்டும். செல்லின் உள்ளுறுப்புப் புரதமான கால்நெக்சின் தெரிந்தால் உடைந்த செல் கலந்திருக்கிறது.

அடுத்து, ஆர்.என்.ஏ பைக்குள் இருக்கிறதா, வெளியே ஒட்டியிருக்கிறதா? மாதிரியை மூன்றாகப் பிரியுங்கள்: ஒன்று அப்படியே, ஒன்றில் புரதம் தின்னும் புரோட்டினேஸ் கே-க்குப் பிறகு ஆர்.என்.ஏ தின்னும் ஆர்.என்.ஏஸ் ஏ, மூன்றாவதில் இவற்றோடு சவ்வைக் கரைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100. நொதி மட்டும் போட்டபோது தாங்கி, சவ்வைக் கரைத்ததும் மறைந்தால்தான் சரக்கு உள்ளே இருந்தது.

வட்டம்தானா என்று பார்க்க ஒரு மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ-வுக்கு நுனியுள்ள நேர் ஆர்.என்.ஏ-வைத் தின்னும் ஆர்.என்.ஏஸ் ஆர் நொதி 3 யூனிட், 37 டிகிரியில் 15 நிமிடம். நேரான ஜிஏபிடிஎச் எம்.ஆர்.என்.ஏ சரிய வேண்டும், வட்டம் நிற்க வேண்டும். ஆர்.என்.ஏ-வின் டி.என்.ஏ நகலான சி.டி.என்.ஏ-வுக்கு, பாலி ஏ வாலில் ஒட்டும் ஆலிகோ டிடி பிரைமர் (நகலைத் தொடங்கும் துண்டு) வேண்டாம், வட்டத்துக்குப் பாலி ஏ வால் கிடையாது. எங்கும் ஒட்டும் ரேண்டம் ஹெக்சமர் போடுங்கள். எதிரெதிர்த் திசை பார்க்கும் பிரைமரில் கிடைத்த துண்டின் ஒட்டிடத்தை சாங்கர் வரிசையறி முறையில் படித்துவிடுங்கள். அதுவும் முழுச் சான்றில்லை: சி.டி.என்.ஏ-வைச் செய்யும் நொதியான ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் ஒரு வார்ப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியும் போலி ஒட்டிடம் உண்டாகும். ஆர்.என்.ஏ-வை நகலெடுக்காமல் நேராகவே காட்டும் நார்தர்ன் பிளாட் அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும்.

அதிகம் ஏமாற்றுவது பரிமாற்றச் சோதனைதான். எக்சோசோமின் சவ்வுக்குப் போடும் பிகேஎச்67 சாயம் தனியாகவே எக்சோசோம் அளவுத் திரளாகும். அதையும் செல் விழுங்கி பச்சையாக ஒளிரும். எனவே எக்சோசோம் இல்லாமல் சாயம் மட்டும் சுழற்றிய கட்டுப்பாடு அவசியம். அனுப்பும் செல்லில் லிப்பிடோடு போட்ட எஸ்.ஐ.ஆர்.என்.ஏ-வும் (ஜீனை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ) பிளாஸ்மிடும் (ஜீனை ஏற்றும் வட்ட டி.என்.ஏ) படிவோடு சேர்ந்து வந்து, பெறுநரை நேராகவே மாற்றிவிடும். மாற்றத்தை நிரந்தரமாகப் பதித்த செல்வரிசை நல்லது. பெறுநரில் அளவு கூடினால், வந்ததா, அங்கேயே உற்பத்தியானதா என்று பிரிக்க ஆக்டினோமைசின் டி போட்டு உள்ளூர் உற்பத்தியை நிறுத்திப் பாருங்கள்.

நோயாளி இரத்தத்துக்குப் போனால் தலைவலி வேறு. தட்டணுக்களில் கருவில்லை, எம்.ஆர்.என்.ஏ சிதைய, வட்டங்கள் மட்டும் தங்கி மிகுந்திருக்கும். சீரம் எடுக்க இரத்தம் கட்டியாகும்போது அவை பைகளை வேறு உதிர்க்கும். சர்க்-சாட்பி2 உட்படப் பல வட்டங்கள் நோயாளிகளின் சீரத்தில் அளக்கப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இரத்தம் கட்டாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ அல்லது சிட்ரேட் குழாயில் எடுத்து (ஹெப்பாரின் பி.சி.ஆரைத் தடுக்கும்), 2,500 ஜி-யில் 15 நிமிடம் இரண்டு முறை சுழற்றி, அடிப்பகுதியைத் தொடாமல் பிளாஸ்மாவை எடுத்த பிறகே உறைய வையுங்கள். முதலில் உறைய வைத்தால், உருக்கும்போது தட்டணுக்கள் உடைந்து உள்ளிருப்பதைக் கொட்டிவிடும்; பிறகு எவ்வளவு சுழற்றினாலும் பிரிக்க முடியாது.