2,000 லிட்டர் பவளத் தொட்டி: எங்கே சிக்கனம் பிடிக்கலாம், எங்கே கூடாது

கேள்வி: நான்கு வருடமாக 300 லிட்டர் ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி) ஒன்றைப் பராமரித்து வருகிறேன். மென்பவளங்களும் கொஞ்சம் எல்பிஎஸ் பவளங்களும் (பாலிப் எனும் சிற்றுயிர் பெரிதாக உள்ள கல்பவளங்கள்) நன்றாகவே வளர்கின்றன. இப்போது ஒரு சுவரை நிறைக்கிற மாதிரி 8 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஒரு தொட்டி கட்ட ஆசை. கையில் பணம் அளவாகத்தான் இருக்கிறது, பெரும்பாலான வேலையை நானே செய்வேன். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கை வைக்கவே கூடாது?

பதில்: முதலில் உயரத்தில் ஒரு அடியைக் குறைத்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த சிக்கன வழிகளில் இதைவிடப் பெரியது எதுவும் இல்லை, அதனால்தான் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அளவில் தொட்டி சுமார் 2,040 லிட்டர் பிடிக்கும். உயரத்தை 2 அடியாக்கினால் 1,360 லிட்டர். தண்ணீர் மூன்றில் ஒரு பங்குதான் குறைகிறது, ஆனால் கண்ணாடிக்குக் கணக்கு வேறு. முன்கண்ணாடியை வெளியே தள்ளும் மொத்த விசை ஆழத்தின் வர்க்கத்தில் ஏறும்: ஆழம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. 3 அடி ஆழக் கடல்நீர் 8 அடி நீளக் கண்ணாடியை ஏறக்குறைய 1,040 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும், 2 அடியில் அது 465 கிலோதான், பாதிகூட இல்லை. கண்ணாடித் தடிமன் குறைகிறது, விலை இறங்குகிறது, அடித்தரைக்கும் வெளிச்சம் சுலபமாகப் போய்ச் சேர்கிறது. அப்புறம் உங்கள் கை எட்டும். 3 அடித் தொட்டியில் அடியில் விழுந்த ஒரு பவளத் துண்டை எடுக்கத் தோள்வரை நனைந்தும் விரல் எட்டாது, எட்டாத இடத்தை நாளாக ஆக யாரும் சுத்தம் செய்வதில்லை. பார்க்கிறவர் கண்ணுக்குத் தொட்டியைப் பெரிதாகக் காட்டுவது நீளமும் அகலமும்தான். 3 அடி அகலத்தை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை. சாதாரணமாக வீடுகளின் மாடித்தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக்குக் கணக்கிட்டுக் கட்டப்படும். 2 அடி உயரக் கடல்நீர் மட்டுமே சதுர மீட்டருக்கு 625 கிலோ வரும், கண்ணாடியும் பாறையும் ஸ்டாண்டும் தனி. தரைத்தளத்தில், மண்ணின் மேல் நேரடியாக உட்கார்ந்த கான்கிரீட் மீது வைக்கிறீர்கள் என்றால் சரி. மாடி என்றால் ஒரு கட்டுமானப் பொறியாளர் வந்து பார்க்காமல் ஒரு பலகைகூட வாங்காதீர்கள், அவருக்குக் கொடுக்கும் பணம் செலவுக் கணக்கிலேயே வராது.

இனி பணத்தைப் பற்றி. பெரிய தொட்டியைப் பாதியில் கைவிட்டவர்கள் என்று நான் பார்த்தவர்களில் கட்ட முடியாமல் விட்டவர்கள் குறைவு, ஓட்ட முடியாமல் விட்டவர்களே அதிகம். அதனால் தொட்டிக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்பதற்கு முன் மாதம் எவ்வளவு ஆகும் என்று எழுதிப் பாருங்கள். இரவும் பகலும் ஓடும் ஒரு 100 வாட் பம்ப் வருடத்துக்கு 876 யூனிட் மின்சாரம் தின்னும். முதல் நிரப்புதலுக்கே 50 கிலோவுக்கு மேல் உப்பு வேண்டும், பத்து சதவீதம் தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் 5 கிலோ போகும். உங்கள் ஊர் மின்கட்டணத்தையும் உப்பு விலையையும் இதில் போட்டுப் பார்த்து, வருகிற தொகை மூன்று வருடம் தொடர்ந்தாலும் தாங்கும் என்றால் மேலே படியுங்கள். தாங்காது என்றால் 6 அடித் தொட்டி கட்டுங்கள், அதுவும் பெரிய தொட்டிதான்.

தொட்டியை எப்படிச் செய்வது? மூன்று பக்கம் சுவரும் அறையின் இருட்டுப் பக்கமும்தான் என்றால் நான்கு பக்கமும் கண்ணாடி எதற்கு? முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மற்றதெல்லாம் 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட், உள்ளே ஃபைபர் கிளாஸ் துணியும் எப்பாக்ஸியும் பூசியது என்று கட்டலாம். எடை குறையும், செலவு நன்றாகவே குறையும், மரம் வெப்பத்தைச் சுலபமாகக் கடத்தாது என்பதால் தண்ணீரின் வெப்பநிலையும் நிதானமாக இருக்கும். இதில் ஒரே ஒரு விஷயத்தைத் தவறவிடக் கூடாது. கண்ணாடியை உள்ளிருந்து சட்டத்தின் மேல் ஒட்ட வேண்டும், அப்போதுதான் தண்ணீரின் அழுத்தம் கண்ணாடியைச் சட்டத்தோடு சேர்த்து அழுத்தும். வெளியிலிருந்து ஒட்டினால் அதே அழுத்தம் ஒட்டைப் பிய்க்கப் பார்க்கும். எப்பாக்ஸி குடிநீர்த் தொட்டிகளுக்கு ஏற்ற வகையாக இருக்கட்டும், சிலிகான் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாக இருக்கட்டும். கண்ணாடித் தடிமனைக் கணக்கிடும்போது பாதுகாப்புக் காரணியை, அதாவது கண்ணாடி தாங்கக்கூடியது அதன் மேல் உண்மையில் விழுவதைப் போல எத்தனை மடங்கு என்பதை, 3.8-க்குக் கீழே இறக்க வேண்டாம். மிச்சம் பிடிக்க எத்தனையோ இடம் இருக்கிறது, இது அந்த இடமே இல்லை.

பழைய தொட்டி கிடைத்தால் அதுவும் நல்ல வழிதான். வீடு மாறுகிறவர்கள் பெரிய தொட்டியைத் தூக்க முடியாமல் மலிவாகக் கொடுத்துவிடுவார்கள். வாங்கும்முன் அதில் செம்பு கலந்த மருந்து போட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள், செம்பு முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு விஷம், பாறையிலும் மணலிலும் தங்கிக்கொள்ளும். மூலை ஒட்டு சந்தேகமாக இருந்தால் மேலே புதுச் சிலிகான் பூசுவதில் பயனில்லை, பழைய சிலிகான் மீது புதியது பிடிக்காது, முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். டெம்பர்டு கண்ணாடியில் (சூடாக்கிக் கடினப்படுத்திய கண்ணாடி) துளை போட முயன்றால் மொத்தமும் நொறுங்கிவிடும். புதிதோ பழையதோ, மட்டமான தரையில் வைத்து நல்ல தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் அப்படியே விட்டுப் பாருங்கள்.

குழாய் வேலையில் கஞ்சத்தனம் வேண்டாம். மேலே வழியும் தண்ணீரைக் கீழே உள்ள சம்ப் என்ற துணைத்தொட்டிக்கு இறக்கும் ஓவர்ஃப்ளோவுக்கு மூன்று குழாய் போடுங்கள்: ஒன்று காற்றுப் புகாமல் முழுத் தண்ணீரோடு சைஃபனாக ஓட, ஒன்று கொஞ்சமாகச் சொட்டி மிச்சத்தை வாங்கிக்கொள்ள, மூன்றாவது எப்போதும் காலியாக, மற்றவை அடைத்துக்கொள்ளும் நாளுக்காக. பிவிசி விலை குறைவுதான், ஆனால் ஒவ்வொரு பம்புக்கும் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) போடாமல் விட்டால் பின்னால் ரம்பம் எடுத்துத்தான் கழற்ற வேண்டும். பித்தளையோ செம்போ எங்கும் தண்ணீரில் படக் கூடாது.

சம்ப் விஷயத்தில் நான் ஒரு முறை நன்றாகவே பட்டிருக்கிறேன். சம்பிலிருந்து தொட்டிக்குத் திரும்பும் குழாயில், தண்ணீரைப் பின்னோக்கி விடாத ஒரு செக் வால்வு போட்டுவிட்டு, அது பார்த்துக்கொள்ளும் என்று சம்பைச் சின்னதாக வைத்தேன். ஒரு நத்தை வால்வுக்குள் சிக்கிக்கொண்டது, இரவில் மின்சாரம் போனது, விடிந்தபோது தரை முழுக்க உப்புத் தண்ணீர். 8க்கு 3 அடித் தொட்டியில் நீர்மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினாலே 22 லிட்டர் கீழே வரும், 4 சென்டிமீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 90 லிட்டர். சம்பில் அந்த அளவு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், வால்வை நம்பி எதையும் கட்டாதீர்கள். நல்ல செய்தி, சம்ப் கண்ணாடியாக இருக்க வேண்டியதில்லை. உணவுத் தரப் பிளாஸ்டிக் தொட்டி எதுவானாலும் போதும், பெரிதாக இருந்தால் இன்னும் நல்லது.

சம்ப் பம்ப் மணிக்குத் தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கு தண்ணீரைச் சுற்றினால் போதும். பவளங்களுக்கு வேண்டிய நீரோட்டத்தை வேவ்மேக்கர்களிடம் (தொட்டிக்குள்ளேயே தண்ணீரைத் தள்ளும் பம்புகள்) விட்டுவிடுங்கள், ஒரு வாட்டுக்கு அவை நகர்த்தும் தண்ணீர் மிக அதிகம். பம்புகளில் மட்டும் கொஞ்சம் விலை கூடினாலும் மின்சாரம் குறைவாக எடுக்கும் டிசி வகையை வாங்கச் சொல்வேன்.

வெப்பமான இடம் என்றால் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்குவதற்கு முன் மின்விசிறியை முயன்று பாருங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். ஒரு நாளைக்கு 15 லிட்டர் ஆவியானால் 10 யூனிட் வெப்பம், அதற்குச் செலவானது விசிறியின் சில வாட்டுகள் மட்டும். காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருக்கும் நாட்களில் இது அவ்வளவாக வேலை செய்யாது. ஆவியான தண்ணீர் அறையில்தான் இருக்கும் என்பதையும் மறக்காதீர்கள், வெளியேற்றும் விசிறி ஒன்று இல்லாவிட்டால் சில மாதத்தில் சுவரில் பூஞ்சை படரும்.

அந்த 15 லிட்டரையும் நல்ல தண்ணீரால்தான் ஈடுகட்ட வேண்டும், உப்பு ஆவியாவதில்லை. ஆர்ஓ டிஐ தண்ணீர் (கரைந்த உப்புகளை வடிகட்டி நீக்கிய தண்ணீர்) தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள். சும்மா ஊற்றுவதற்குப் பதில் அதில் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து, தெளிந்த சுண்ணாம்பு நீராக ஊற்றினால் இந்த விளையாட்டிலேயே மிக மலிவான கால்சியமும் காரத்தன்மையும் அதில் கிடைக்கும். 15 லிட்டர் தெளிந்த சுண்ணாம்பு நீர் 1,400 லிட்டர் தொட்டியில் நாளொன்றுக்கு 1.2 டிகேஹெச் (காரத்தன்மையை அளக்கும் அலகு) அளவுக்கு ஈடுகொடுக்கும். மென்பவளத்துக்கும் எல்பிஎஸ்ஸுக்கும் அது தாராளம். மெதுவாகச் சொட்ட விடுங்கள், அதன் பிஹெச் 12-க்கு மேல், மொத்தமாகக் கொட்டினால் தொட்டியே போய்விடும். பின்னால் எஸ்பிஎஸ் பவளங்கள் (சிறிய பாலிப் உள்ள கல்பவளங்கள்) நிறைந்து ஒரு நாளில் 2 டிகேஹெச் குறையத் தொடங்கினால் தினமும் 84 கிராம் சோடியம் பைகார்பனேட்டுக்குச் சமமான காரம் வேண்டும், வருடத்துக்கு 30 கிலோ. அதைச் சின்னப் புட்டிகளில் வாங்கிக் கட்டுப்படியாகாது. சுத்தமான பைகார்பனேட்டும் கால்சியம் குளோரைடும் மூட்டையாக வாங்கி நீங்களே கரைசல் தயாரியுங்கள். காரத்தன்மையை 8 டிகேஹெச் அருகிலும், கால்சியத்தை 420 பிபிஎம் அருகிலும், மக்னீசியத்தை 1,300 பிபிஎம் அருகிலும் வையுங்கள். எண் எதுவானாலும் அது ஆடாமல் இருப்பதுதான் பவளத்துக்கு வேண்டும்.

பாறைக்கு நிறையச் செலவழிக்க வேண்டாம். 1961-லேயே ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிர்ப்பாறை (சிற்றுயிர்கள் குடியேறிய கடல் பாறை), கடல்நீர், காற்றுக் குமிழி இவற்றோடு பவளத் தொட்டிகளை நடத்தி அதைப் பற்றி எழுதினார். பாறையில் வாழும் உயிர்கள்தான் வடிகட்டி. ஆனால் எல்லாப் பாறையும் உயிர்ப்பாறையாக இருக்க வேண்டியதில்லை. உலர்ந்த பாறையை வாங்கி, சில வாரம் தண்ணீரில் ஊறவைத்துப் பாஸ்பேட் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு அடுக்கி, உங்கள் 300 லிட்டர் தொட்டியிலிருந்து சில பாறைகளைச் சேர்த்தால் போதும், ஒன்றிரண்டு மாதத்தில் பாக்டீரியா பரவிவிடும். உள்ளே பிவிசி குழாயால் சட்டம் கட்டி வெளியே மட்டும் பாறை பதித்தால் பாதிப் பாறையில் அதே உருவம் வரும். ஒன்று மட்டும்: பழைய பாறையைச் சுத்தம் செய்ய எந்த நிலையிலும் கொதிக்க வைக்காதீர்கள். பாறையில் ஒட்டி வளரும், பவளத்துக்கு உறவான ஜோவாந்தஸ் உயிர்களில் சில வகைகளில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு, அந்த ஆவியைச் சுவாசித்து மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

விளக்கும் அப்படித்தான், 8 அடி முழுவதையும் எஸ்பிஎஸ் வெளிச்சத்தில் குளிப்பாட்ட வேண்டாம். பாறையை இரண்டு மூன்று தீவாக அமைத்து ஒரு தீவின் மேல் மட்டும் பலமான எல்இடி, மற்றவற்றுக்கு மிதமானது. இடையில் நிழலான வெறும் மணல் இருந்தால் தொட்டி இன்னும் அழகாகத்தான் இருக்கும், மீன்களுக்கு நீந்த இடமும் கிடைக்கும். பணம் சேரும்போது அடுத்த விளக்கு வாங்கலாம். துளையையும் கண்ணாடியையும் மாதிரி இது பின்னால் மாற்ற முடியாத விஷயம் இல்லை.

மீன் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். தனிமைப்படுத்தும் தொட்டி இல்லாமல் ஒரு மீனைக்கூடப் பெரிய தொட்டியில் விடாதீர்கள். வெண்புள்ளி நோய் உள்ளே வந்துவிட்டால், பவளம் இருப்பதால் செம்பு மருந்து போட முடியாது, இத்தனை பெரிய தொட்டியில் மீனைப் பிடிக்க மொத்தப் பாறையையும் பிரித்தாக வேண்டும், பிடித்த பிறகும், நோயைத் தரும் ஒட்டுண்ணி மீன் இல்லாமல் சாகட்டும் என்று 76 நாள் மீனே இல்லாமல் தொட்டியை விடுவதுதான் வழக்கம். மணலும் பாறையும் இல்லாத 100 லிட்டர் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மறைந்துகொள்ள நாலு பிவிசி துண்டு, அவ்வளவுதான் தேவை.

மின்தடைக்கு ஜெனரேட்டர் வரை போக வேண்டியதில்லை. முதலில் தீர்வது ஆக்சிஜன்தான், அதனால் பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் இரண்டும், முடிந்தால் பேட்டரி இணைக்கக்கூடிய ஒரு வேவ்மேக்கரும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இணைப்புக்கும் முன்னால் மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம், உப்புத் தண்ணீரில் கை விடுகிறவர் நீங்கள்தானே.

கடைசியாகப் பவளங்கள். கல்பவளங்கள், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பவை, கடலிலிருந்து எடுத்ததை வாங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தைப் பாருங்கள். வளர்ப்பில் பெருக்கிய துண்டுகளே எனக்குப் பிடித்தவை. பெர்லினில் டீட்ரிச் ஷ்டூபர் என்ற பவள வளர்ப்பாளர் வளர்த்த ஒரே அக்ரோபோராவிலிருந்து (ஒரு வகை எஸ்பிஎஸ் பவளம்) உடைத்த துண்டுகள் கைமாறிக் கைமாறி எத்தனையோ தொட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தன. உங்களிடமும் நான்கு வருடம் வளர்ந்த பவளங்கள் இருக்கின்றன, அதனால் பழைய 300 லிட்டர் தொட்டியை விற்காதீர்கள். பெரிய தொட்டியின் பிளைவுட்டை வெட்டுகிற அதே வாரம் பவளங்களையும் வெட்டத் தொடங்குங்கள். எப்பாக்ஸி காய்ந்து, தண்ணீர்ச் சோதனை முடிந்து, பாக்டீரியா பிடிப்பதற்குள் எப்படியும் ஐந்தாறு மாதம் ஓடிவிடும், அதற்குள் முதல் தீவை நிரப்பும் அளவுக்குத் துண்டுகள் உங்கள் கையிலேயே இருக்கும்.