அப்பா ஆக ஆணுக்கு எது சரியான வயது? கேள்வி பதில்

விந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். மைக்ராஸ்கோப்பின் கீழே விந்தணுக்களை எண்ணுவதுதான் என் பிழைப்பு. மருந்து எழுதித் தருவது டாக்டரின் வேலை, அதை என்னிடம் கேட்காதீர்கள். மற்றபடி ஆணின் வயதையும் குழந்தைப்பேற்றையும் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: சார், சுற்றி வளைக்காமல் ஒரு எண் சொல்லுங்கள். எந்த வயதுக்குள் அப்பா ஆகிவிட வேண்டும்?

25க்கு மேல், 40க்குள். முடிந்தால் முதல் குழந்தை 35க்குள். இது என் கருத்து, சட்டம் இல்லை.

உடம்பை மட்டும் வைத்துப் பார்த்தால் இருபதுகளின் நடுவிலிருந்து முப்பதுகளின் நடுவரை விந்தணுக்கள் நல்ல நிலையில் இருக்கும். அதற்கப்புறம் சரிவுதான், ஆனால் மெல்ல மெல்ல. மருத்துவர்கள் 'வயது கூடிய தந்தை' என்று சொல்வது பெரும்பாலும் 40க்கு மேல். 45 என்று வைப்பவர்களும் உண்டு. நாற்பதாவது பிறந்தநாளன்று எந்தக் கதவும் சாத்தப்படுவதில்லை.

பெண்ணுக்கு அப்படியில்லை. 35ஐத் தாண்டினால் சரிவு வேகமாகிவிடும். அதனால் ஒரு தம்பதிக்கு எவ்வளவு அவசரம் என்பதைப் பெரும்பாலும் மனைவியின் வயதுதான் முடிவு செய்யும். கணவனுக்கு 38, மனைவிக்கு 27 என்றால் பதற்றம் வேண்டாம். கணவனுக்கு 32, மனைவிக்கு 38 என்றால் "எனக்கு இன்னும் வயசிருக்கே" என்று கணவன் சொல்வதில் அர்த்தமே இல்லை.

கேள்வி: வயது 29. ஆணுக்கு வயசே தடையில்லை, சாகும்வரை அப்பா ஆகலாம் என்கிறான் என் நண்பன். சார்லி சாப்ளினை உதாரணம் காட்டுகிறான். உண்மையா?

சாப்ளின் கதை உண்மைதான் தம்பி. 1889இல் பிறந்தவர், கடைசி மகன் கிறிஸ்டோபர் 1962இல் பிறந்தபோது அவருக்கு 73. உங்கள் நண்பர் இரண்டு விஷயத்தை விட்டுவிட்டார். அப்போது சாப்ளினின் மனைவி ஊனாவுக்கு வயது 37. 1977 கிறிஸ்துமஸ் அன்று சாப்ளின் இறந்தபோது அந்தப் பையனுக்கு 15.

விந்தணு உற்பத்தி நிற்பதில்லை என்பது சரி. ஆனால் வயது ஏற ஏற விந்தின் அளவு குறையும், நீந்தும் வேகம் குறையும், விந்தணுக்களுக்குள் டி.என்.ஏ. இழைகள் உடைந்திருப்பது கூடும். மனைவிக்குக் கருச்சிதைவு ஆகும் வாய்ப்பும் கொஞ்சம் ஏறும். 2003இல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், கரு உருவாக ஓராண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தவர்களைக் கணக்கிட்டார்கள். 25 வயதுக்குட்பட்ட ஆண்களோடு ஒப்பிட்டால் 45ஐத் தாண்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு 4.6 மடங்கு. முடியும் என்பது வேறு, நினைத்த நேரத்தில் முடியும் என்பது வேறு.

கேள்வி: என் கணவருக்கு 41, எனக்கு 30. இப்போதுதான் முயற்சி செய்கிறோம். அப்பாவின் வயதால் குழந்தைக்குக் குறை வரும் என்று எங்கோ படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. ஆட்டிசம் வருமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும்.

ஒரு பெண் பிறக்கும்போதே அவளுடைய கருமுட்டைகள் எல்லாம் உள்ளே இருக்கின்றன. ஆணுக்கு அப்படி இருப்பு எதுவும் கிடையாது. வயதுக்கு வந்ததிலிருந்து விந்தணுக்களை உருவாக்கும் தாய்ச் செல்கள் பிரிந்துகொண்டே இருக்கும், சுமார் 16 நாளைக்கு ஒரு தடவை. ஆண்டுக்கு 23 முறை என்று கணக்கு வைக்கலாம். ஒவ்வொரு முறையும் முழு டி.என்.ஏ.வும் பிரதி எடுக்கப்படுகிறது. கையால் எழுதிய ஏட்டைப் பார்த்து இன்னொரு ஏடு, அதைப் பார்த்து இன்னொன்று என்று எழுதிக்கொண்டே போனால் எழுத்துப்பிழை சேருமல்லவா, அதுதான் இங்கேயும் நடக்கிறது.

எவ்வளவு சேருகிறது என்பதை ஐஸ்லாந்தில் 78 குடும்பங்களின் மரபணுவை முழுதாகப் படித்துப் பார்த்தார்கள். முடிவு 2012இல் வெளியானது. அப்பாவின் வயது ஓராண்டு கூடினால் குழந்தைக்குப் போகும் புதிய மரபணு மாற்றங்கள் ஏறக்குறைய இரண்டு கூடுகின்றன. 20 வயது அப்பாவிடமிருந்து சுமார் 25, 40 வயது அப்பாவிடமிருந்து சுமார் 65. அம்மாவிடமிருந்து போனவை சுமார் 15தான்.

65 என்றதும் பயந்துவிடாதீர்கள். நம் மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் இந்த மாற்றங்களில் மிகப் பெரும்பாலானவை எதையும் செய்யாத இடத்தில் விழுந்து சும்மா கிடக்கும். நீங்களும் நானும் இப்படிப் பல மாற்றங்களோடுதான் பிறந்தோம்.

அபூர்வமாகச் சில இடத்தில் விழுந்தால்தான் வினை. கை கால் எலும்புகள் குட்டையாகும் அகான்ட்ரோபிளாசியா அப்படி ஒன்று. குடும்பத்தில் கடைசியாகப் பிறந்த குழந்தைகளுக்கு இது அதிகம் வருகிறது என்று வில்ஹெல்ம் வைன்பெர்க் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1912லேயே கவனித்தார். டி.என்.ஏ. எப்படி இருக்கும் என்றே யாருக்கும் தெரியாத காலம் அது! வயதான அப்பாக்களுக்கு இதன் வாய்ப்பு பல மடங்கு என்று செய்திகளில் வரும். பொதுவாகவே இது சுமார் 25,000 பிறப்புகளுக்கு ஒன்று. அதைப் பல மடங்காக்கினாலும் சின்ன எண்தான். 'இத்தனை மடங்கு' என்று எங்கே பார்த்தாலும், முதலில் எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள். பாதி பயம் அங்கேயே போய்விடும்.

ஆட்டிசம், மனச்சிதைவு நோய் இரண்டும் வயது கூடிய அப்பாக்களின் பிள்ளைகளிடம் சற்று அதிகம் காணப்படுகின்றன. காரணம் விந்தணுப் பிழை மட்டும்தானா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் வாதம் நடக்கிறது. தாமதமாகக் கல்யாணம் செய்துகொள்ளும் ஆண்களின் இயல்பிலேயே சில கூறுகள் இருந்து, அவைதான் பிள்ளைகளுக்குப் போகின்றன என்பது ஒரு தரப்பு. எப்படியானாலும் அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த இரண்டில் எதுவும் இல்லை. டவுன் சிண்ட்ரோம் விஷயத்தில் முக்கியமானது அம்மாவின் வயது, உங்களுக்கு 30தான்.

இன்னொன்று. அமெரிக்காவில் பத்தாண்டுகளில் பிறந்த 4 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2018இல் ஓர் ஆய்வு வந்தது. அப்பாவுக்கு 45 ஆகியிருந்தால் குறைப்பிரசவ வாய்ப்பு 14 சதவீதம் கூடுதல். நூற்றுக்குப் பத்து இருந்த இடத்தில் பதினொன்று சொச்சம், அவ்வளவுதான்.

41இல் பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் எடுக்கும் ஸ்கேன்களை உரிய வாரத்தில் எடுங்கள், ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே ஆரம்பிக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இன்னும் நாலு வருஷம் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

கேள்வி: எனக்கு 33. கல்யாணமாகி 14 மாதம் ஆகிறது. மனைவிக்கு எல்லா டெஸ்ட்டும் எடுத்தாகிவிட்டது, எல்லாம் நார்மல். எனக்கு தாம்பத்தியத்தில் எந்தக் குறையும் இல்லை. நானும் டெஸ்ட் எடுக்க வேண்டுமா?

நியாயமாக உங்களுக்குத்தான் முதலில் எடுத்திருக்க வேண்டும். மனைவிக்கு ரத்தம், ஸ்கேன், கருக்குழாயில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே என்று வலியெல்லாம் பட்ட பிறகு, கடைசியில் கணவர் ஒரு டப்பாவோடு வருவார். எங்கள் கூடத்தில் இதைப் பார்க்காத வாரம் இல்லை, ஒவ்வொரு தடவையும் எரிச்சல்தான். குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது.

தாம்பத்தியம் நன்றாக இருப்பதற்கும் விந்தணு நன்றாக இருப்பதற்கும் சம்பந்தம் இல்லை. விந்தில் ஓர் அணுகூட இல்லாதவருக்கும் எல்லாம் வழக்கம்போலவே இருக்கும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

நாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். சாம்பிள் வரும்போது கெட்டியாக இருக்கும். 37 டிகிரியில் வைத்தால் அரை மணி நேரத்தில் இளகிவிடும். அப்புறம் கட்டம் போட்ட கண்ணாடியில் ஒரு துளி வைத்துப் பார்ப்போம். சில நேராக நீந்திப் போகும். சில ஒரே இடத்தில் வட்டமடிக்கும். சில வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நகராமல் நிற்கும். இரண்டு தலை உள்ளதுகூட இருக்கும், நல்ல ரிப்போர்ட் வருபவரிடமும்.

உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த கீழ் எல்லைகள் இவை: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசைவன 42 சதவீதம், இயல்பான வடிவம் 4 சதவீதம். இந்த 4ஐப் பார்த்துத்தான் பலரும் உடைந்துபோகிறார்கள். "மீதி 96 சதவீதம் கெட்டதா சார்?" என்பார்கள். மனித விந்து இயல்பிலேயே அப்படித்தான். எல்லைக்குக் கீழே இருந்தாலும் கரு உருவாகலாம், மேலே இருந்தும் உருவாகாமல் போகலாம். ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம், குறை தெரிந்தால் சில வாரம் விட்டு மறுபடி பாருங்கள்.

முயற்சி செய்து ஓராண்டு ஆனால் இருவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும். மனைவிக்கு 35க்கு மேல் என்றால் ஆறு மாதம்.

கேள்வி: வயது 27, ஜிம் போகிறேன். டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறேன். குழந்தை பற்றி 32இல்தான் யோசிப்பேன். அதற்குள் நிறுத்தினால் போதுமா?

இப்போதே நிறுத்துவதைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள் தம்பி. ஆண்மை ஹார்மோன்தானே, போட்டால் விந்தணு கூடும் என்று நினைக்கிறார்கள். நேர் எதிர். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை "போதும்" என்று விரைக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விரை வேலையை நிறுத்தும், சுருங்கவும் செய்யும். எண்ணிக்கை பூஜ்யம்வரை இறங்கும். இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே உலக சுகாதார நிறுவனம் சோதித்துப் பார்த்திருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிறுத்தினால் பெரும்பாலோருக்குத் திரும்பி வரும். ஆறு மாதம், ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல். அஞ்சு வருஷம் விடாமல் போட்டவருக்குத் திரும்பும் வேகம் குறையும். நீங்கள் அந்தக் கணக்கில் சேர வேண்டாம்.

கேள்வி: 31 ஆகிறது. வேலையில் நிலைபெற இன்னும் ஆறேழு வருஷம் ஆகும். விந்தணுவை உறைய வைத்துவிடலாமா?

புற்றுநோய் சிகிச்சைக்குப் போகிறவர் என்றால் இன்றே செய்யுங்கள், ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள் என்பேன். வேலைக்காக என்றால், என்னைக் கேட்டால் அவசியம் இல்லை. 37, 38இல் உங்கள் விந்தணு பெரும்பாலும் வேலைக்கு ஆகும்.

முறை பழையது. உறைந்த விந்தணுவில் பிறந்த முதல் குழந்தைகள் 1950களிலேயே வந்துவிட்டார்கள். திரவ நைட்ரஜனில் மைனஸ் 196 டிகிரியில் வைத்தால் அணுவின் வயது அங்கேயே நிற்கும். உங்கள் வயது நிற்காது, மனைவியின் வயதும் நிற்காது. உருக்கும்போது கணிசமான அணுக்கள் அசைவை இழக்கும் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

கேள்வி: மடியில் லேப்டாப், வெந்நீர்த் தொட்டி, இறுக்கமான உள்ளாடை, ஜிங்க் மாத்திரை... எதை நம்புவது?

சூடு உண்மை. விரைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியாக இருக்க வேண்டும், அதனால்தான் வெளியே தொங்குகிறது. வெந்நீர்த் தொட்டியில் நெடுநேரம் கிடக்காதீர்கள், லேப்டாப்பை மேசையில் வையுங்கள். கடும் காய்ச்சல் வந்தாலும் எண்ணிக்கை இறங்கும். ஒரு விந்தணு உருவாகிப் பக்குவப்பட்டு வெளிவர ஏறக்குறைய மூன்று மாதம் ஆகிறது, அதனால் இன்று சிகரெட்டை விட்டால் பலனை மூன்று மாதம் கழித்துத்தான் நான் கண்ணாடியில் பார்ப்பேன்.

ஜிங்கும் ஃபோலிக் ஆசிட்டும் ஆண்கள் சாப்பிடுவதால் பயனா என்று 2,370 தம்பதிகளை வைத்துச் சோதித்தார்கள். 2020இல் முடிவு வந்தது: குழந்தை பிறப்பில் வித்தியாசம் இல்லை.

கேள்வி: எனக்கு 22, மனைவிக்கு 21. இவ்வளவு சீக்கிரம் அப்பா ஆனால் குழந்தைக்குக் கெடுதலா?

உங்கள் விந்தணுவால் ஒரு கெடுதலும் இல்லை. வருமானம் இருக்கிறதா, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து குழந்தையைத் தூக்குவீர்களா, மனைவி இப்போதே தாயாக விரும்புகிறாரா என்று பாருங்கள். மூன்றாவது கேள்வியை அவரிடமே கேளுங்கள், நீங்களாகப் பதில் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: எனக்கு 48, இரண்டாவது திருமணம். மனைவிக்கு 36, அவருக்கு இது முதல் திருமணம். குழந்தை ஆசை அவருக்கு நிறைய. எனக்குத் தயக்கம்.

ஆறு மாதம்கூடக் காத்திருக்காதீர்கள், இருவரும் ஒரே வாரத்தில் பரிசோதனைக்குப் போங்கள். போகும்போது நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் எழுதி எடுத்துப் போங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் மட்டுமல்ல, முடி கொட்டாமலிருக்கச் சாப்பிடும் ஃபினாஸ்டிரைடும் சேர்த்துத்தான். சிலருக்கு அது எண்ணிக்கையைக் குறைக்கிறது, நிறுத்தினால் தேறுகிறது. ஆண்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள்.

தயக்கம் நியாயமானதுதான். அடுத்த வருடம் பிறந்தாலும் பிள்ளை கல்லூரியில் சேரும்போது உங்களுக்கு 67. உங்களால் முடியாமல் போனால் யார் பார்ப்பது, பணத்துக்கு என்ன ஏற்பாடு என்பதை மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். பேசாமலே மாதங்களைக் கடத்தினால், அதுவே 'வேண்டாம்' என்று முடிவெடுத்த மாதிரி ஆகிவிடும், அதுவும் அவருக்குச் சொல்லாமல்.

கேள்வி: டெஸ்ட்டுக்கு நாளை மறுநாள் போகிறேன். என்ன கவனிக்க வேண்டும்? வெட்கமாக இருக்கிறது அண்ணா.

இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் விந்து வெளியேறாத இடைவெளி இருக்க வேண்டும். நிறைய நாள் சேர்த்தால் நல்ல ரிப்போர்ட் வரும் என்று பதினைந்து நாள் இருந்துவிட்டு வருகிறார்கள்; அசைவு குறைந்துதான் காட்டும். சோப்பு, எண்ணெய், சாதாரண ஆணுறை எதுவும் வேண்டாம், அணுக்களைக் கொன்றுவிடும். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவந்து சேருங்கள், டப்பாவைச் சட்டைக்குள் உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது டப்பாவுக்கு வெளியே சிந்திவிட்டால் மறைக்காமல் கவுண்டரில் சொல்லிவிடுங்கள். இன்னொரு நாள் வரச் சொல்வோம். எங்களுக்கு இது நாள் முழுக்க நடக்கிற வேலை, யாரும் உங்கள் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.