இலையுதிர் கால முகாமுக்கு ஸ்லீப்பிங் பேக்: எந்த 0 டிகிரி?

கேள்வி: இலையுதிர் காலத்தில் மூன்று நாள் மலைநடை போகிறோம். இரவில் கூடாரத்தில்தான் தூக்கம். குளிர் 3, 4 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் என்கிறார்கள். என்னிடம் இருக்கும் பழைய ஸ்லீப்பிங் பேக் இரண்டு கிலோவுக்கு மேல்; அதைச் சுமந்து மலை ஏற முடியாது. 600 கிராம் எடையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். மேலே '0 டிகிரி' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. எனக்கும் மனைவிக்கும் அதையே வாங்கிவிடலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அது எந்த 0 டிகிரி என்று முதலில் பார்த்துவிடுவோம்.

பையின் உள்பக்கத் தையலிலோ, அதைச் சுருட்டி வைக்கும் உறையிலோ ஒரு சின்னத் துணிச்சீட்டு இருக்கும். ஐ.எஸ்.ஓ. 23537 என்ற தரமுறைப்படி சோதித்த பையானால் அதில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும்: கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். வெப்பமூட்டிய ஒரு பொம்மைக்கு உள்ளாடை போட்டு, பாய் மேல் கிடத்தி, குளிர் அறையில் வைத்து அளந்த எண்கள் இவை. கம்ஃபர்ட் என்பது, சராசரிப் பெண் ஒருவர் கை காலைத் தளர விட்டுக் குளிர் தெரியாமல் தூங்கக்கூடிய வெப்பநிலை. லிமிட் என்பது, சராசரி ஆண் ஒருவர் உடம்பைச் சுருட்டிக்கொண்டு ஒருவழியாகத் தூங்கிவிடுகிற வெப்பநிலை. எக்ஸ்ட்ரீமை மறந்தே விடுங்கள். அது தூக்கத்துக்கான எண்ணே இல்லை, உயிர் பிழைப்பதற்கான எண்.

விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது பெரும்பாலும் லிமிட்டைத்தான். 600 கிராம் பைக்கு 0 டிகிரி என்றால் அதுவும் லிமிட்டாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அப்படியானால் அதன் கம்ஃபர்ட் ஏறக்குறைய 5 டிகிரி. உங்களுக்கு அது எப்படியோ ஒப்பேறிவிடலாம். உங்கள் மனைவிக்கு நடுராத்திரி பல் கிட்டிப் போகும். எல்லாப் பெண்களுக்கும் குளிர் அதிகம் தெரியும் என்றோ ஆண்களுக்குத் தெரியாது என்றோ இல்லை. நானே பாதம் சில்லிட்டுப் போகிற ரகம், லிமிட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இருவருமே கம்ஃபர்ட்டைப் பார்த்து வாங்குங்கள்.

கம்ஃபர்ட் எவ்வளவு இருக்க வேண்டும்? நீங்கள் கேட்ட 3, 4 டிகிரி அடிவாரத்துக்குச் சொன்னதா, தங்கப்போகும் இடத்துக்கா என்று விசாரியுங்கள். 1000 மீட்டர் ஏறினால் சராசரியாக 6 டிகிரிக்கு மேல் குறையும். மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் வந்து தேங்கிக்கொள்ளும் என்பது வேறு. அதனால் கம்ஃபர்ட் 0 அல்லது அதற்கும் ஒன்றிரண்டு டிகிரி கீழே இருப்பது நல்லது. நல்ல தூவி (வாத்தின் மெத்தென்ற இறகுப் பஞ்சு) நிரப்பிய பையில் இது 800 கிராமிலிருந்து ஒரு கிலோவுக்குள் கிடைத்துவிடும். உங்கள் 600 கிராமைவிட கூடுதல்தான். ஆனால் பழையதில் பாதிகூட இல்லையே.

கேள்வி: தூவிப் பையில் '600', '800' என்றெல்லாம் எழுதியிருக்கிறதே, அது என்ன? செயற்கை இழை நிரப்பியது விலை குறைவு, அது போதாதா?

பதில்: தூவி என்பது வாத்தின் நெஞ்சுப் பகுதியில் இறகுக்கு அடியில் இருக்கும் மெத்தென்ற பஞ்சு. கடைக்காரர்கள் 'டவுன்' என்பார்கள். ஒரு அவுன்ஸ் தூவி, அதாவது சுமார் 28 கிராம், எத்தனை கன அங்குலம் உப்பி நிற்கும் என்பதுதான் அந்த எண்; ஃபில் பவர் என்று பெயர். உப்பலுக்குள் சிக்கிய காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. எண் கூடக்கூட அதே கதகதப்புக்குக் குறைந்த தூவி போதும்.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். உள்ளே எத்தனை கிராம் நிரப்பியிருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 600 ஃபில் பவரில் 400 கிராம் போட்டாலும், 800 ஃபில் பவரில் 300 கிராம் போட்டாலும் உப்பல் ஒன்றேதான். பெருக்கிப் பாருங்கள், தெரியும். மிச்சமாவது 100 கிராம், தண்ணீர் பாட்டிலில் நாலு மடக்கு. விலையோ நன்றாகவே எகிறும். அந்த வித்தியாசத்துக்குப் பணம் கொடுப்பதா என்பது உங்கள் பாடு. நான் கொடுக்கமாட்டேன்.

செயற்கை இழையில் அதே கதகதப்புக்கு எடை சுமார் ஒன்றரை மடங்காவது வரும். சுருட்டினாலும் பெரிய மூட்டையாகத்தான் நிற்கும். அதற்கென்று ஒரு நல்ல குணமும் உண்டு: நனைந்தாலும் ஓரளவு காப்பாற்றும். தூவி நனைந்தால் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு அப்படியே படுத்துவிடும். இலையுதிர் காலத்தில் இதுதான் யோசிக்க வேண்டிய விஷயம். விடிகாலையில் கூடாரத்தின் உள்சுவரில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், தண்ணீர் வழியும். பெரும்பாலும் நம் மூச்சுக்காற்றின் ஈரம்தான். பையின் கால்மாடு அந்தச் சுவரில் உரசிக்கொண்டே இருந்தால் காலைக்குள் அங்கே ஈரம் ஏறியிருக்கும். மூன்று இரவு என்றால் தூவியே போதும். காற்றோட்டத்துக்குக் கூடாரத்தைக் கொஞ்சம் திறந்து வைத்து, பகலில் வெயில் கண்ட இடத்தில் அரைமணி நேரம் பையை விரித்துப் போட்டால் சமாளித்துவிடலாம். ஒரு வாரம் விடாத மழையில் நடக்கப் போகிறவருக்கு மட்டும் செயற்கை இழை என்பேன்.

கேள்வி: நல்ல பைதான் வைத்திருக்கிறேன், கம்ஃபர்ட் 0 டிகிரி. ஆனாலும் 6 டிகிரியிலேயே நடுங்கினேன். பை போலியா?

பதில்: கீழே என்ன விரித்தீர்கள்? அதைச் சொல்லவில்லையே.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். புதுப் பையை நம்பி, விரல் தடிமன்கூட இல்லாத ஃபோம் பாயோடு போனேன். மேலே போர்த்தியது போல் கதகதப்பு, முதுகில் மட்டும் ஈரத் துணியில் படுத்தாற்போல் சில்லிப்பு. இரண்டு மணிக்கு எழுந்து மழைக்கோட்டு, முதுகுப்பை, உடுத்தாத துணி எல்லாவற்றையும் அடியில் பரப்பிய பிறகுதான் கண் அயர்ந்தது. உடம்பின் பாரத்தில் அடிப்பக்கத் தூவி நசுங்கிவிடுகிறது. நசுங்கியதில் காற்று ஏது? அங்கே தரைக்கும் நமக்கும் நடுவில் பாய்தான் எல்லாம்.

பாய்க்கு 'ஆர்' மதிப்பு என்று ஒரு எண் போடுவார்கள்; தரைக் குளிரை அது எவ்வளவு தடுக்கும் என்பதற்கான எண், கூடக்கூட நல்லது. இலையுதிர் காலத்துக்கு 3, குளிர் கூடுமானால் 4 பார்த்து வாங்குங்கள். சாதாரண ஃபோம் பாய் 2 அருகில்தான் நிற்கும். எடைக் கணக்கையும் பை தனி, பாய் தனி என்று போடாமல் இரண்டையும் சேர்த்தே போடுங்கள். பையில் 200 கிராம் குறைத்துவிட்டு நடுங்குவதைவிட, பாயில் 200 கிராம் கூட்டிக்கொண்டு தூங்கலாம்.

கேள்வி: பைக்குள் பட்டு லைனர் (மெல்லிய உள்ளுறை) போட்டால் கதகதப்பு 8 டிகிரி கூடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: ஓரிரண்டு டிகிரி கூடும், அவ்வளவுதான். பை அழுக்காகாமல் இருக்க வாங்குங்கள்.

கேள்வி: மம்மி வடிவப் பையில் மூச்சு முட்டுகிறது. நான் பக்கவாட்டில் படுத்துப் புரள்கிறவன். வேறு வழி?

பதில்: தோளிலிருந்து கால்வரை குறுகிக்கொண்டே போகும் அந்த வடிவத்தில்தான் எடை குறைகிறது, காலியிடம் குறைவானதால் உள்ளே சீக்கிரம் சூடேறவும் செய்யும். ஆனால் தூக்கமே வராவிட்டால் என்ன பயன்? தோள், முழங்கால் பக்கம் அகலம் விட்டுத் தைத்த பைகள் இருக்கின்றன. இல்லையென்றால் அடிப்பாகமே இல்லாத க்வில்ட். நசுங்கிப் பயனற்றுப் போகிற அடித்தூவி அதில் இல்லை, எடையும் குறையும். புரளும்போது ஓரம் தூக்கிக்கொண்டு குளிர் உள்ளே புகும் என்பதுதான் தொல்லை; பாயோடு இழுத்துக் கட்டும் பட்டைகள் உள்ளதாகப் பாருங்கள். தலைமூடி கிடையாது, கம்பளிக் குல்லாய் வேண்டும்.

எதை வாங்கினாலும் கடையில் கூச்சப்படாமல் உள்ளே நுழைந்து படுத்துப் பாருங்கள். தூங்கும்போது போடப்போகிற சட்டையோடு படுக்க வேண்டும். கால் விரல் முனையில் முட்டினால் அந்த இடம் நசுங்கிச் சில்லிடும். நீளம் போதாது என்று அர்த்தம். அப்புறம் உள்ளேயிருந்து ஜிப்பைப் பத்துமுறை ஏற்றி இறக்குங்கள். மெல்லிய துணி ஜிப்பின் பல்லில் மாட்டுகிறதா என்று வெளிச்சத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது. இருட்டில், சிறுநீர் முட்டும்போது மாட்டினால் பெரும்பாடு.