காலநிலை மாற்றம்: ஊராட்சியை அசைப்பது எப்படி?

கடலூர் பக்கத்துக் கடலோரக் கிராமத்தில் நாலைந்து தன்னார்வலர்கள் சேர்ந்தால் காலநிலை மாற்றத்துக்காக ஊராட்சியை ஏதாவது செய்ய வைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் "காலநிலை மாற்றம்" என்று ஆரம்பித்தால் தலையாட்டி அனுப்பிவிடுவார்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலில் முந்திரித் தோப்புகள் சாய்ந்ததையும் 2015 வெள்ளத்தையும் யாரும் மறக்கவில்லை. அங்கிருந்து பேசுங்கள்.

இடம் கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். வாய்க்காலைப் பற்றிப் பேச அதைவிடத் தோதான நாள் கிடையாது. "சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். எந்த வாய்க்கால், எந்த மதகிலிருந்து எதுவரை, ஐப்பசி மழைக்கு முன் தூர்வார வேண்டும் என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிடாமல், தீர்மானப் பதிவேட்டில் அந்த வரி ஏறியதா என்று கண்ணால் பாருங்கள். பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

அப்புறம் தீர்மான நகலோடு ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். அரசின் மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கமும் ஆட்சியர் பொறுப்பில்தான் இருக்கிறது.

எல்லை தாண்டி, புதுச்சேரியின் பாகூர் பக்கத்து நண்பர்கள் பாடு வேறு. அங்கே 2006-இல் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2011-இலேயே முடிந்துவிட்டது. அதனால் அவர்கள், பல கிராமங்களைச் சேர்த்து நிர்வகிக்கும் கொம்யூன் பஞ்சாயத்தின் ஆணையரைத்தான் பார்க்க வேண்டும்.