டிக்கெட் எடுத்தது யார்? காயத்தோடு ஊர் திரும்பிய உதைபந்தாட்ட வீரருக்கு ஒரு பதில்

கேள்வி: நான் திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்தவன், வயது 24. மாலைதீவில் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தில் பத்து மாத ஒப்பந்தம், மாதம் 1,200 டொலர். ஐந்தாம் மாதம் பதினொரு நாளில் நான்கு போட்டி. பின்தொடை இழுக்கிறது என்று சொல்லியும் ஊசி போட்டு இறக்கினார்கள். தசை கிழிந்துவிட்டது. தேசிய அணி முகாமுக்கு என் பெயர் அடிபட்டுக்கொண்டிருந்த நேரம், அதுவும் போய்விட்டது. பயிற்றுவிப்பாளர் "வீட்டுக்குப் போய் ஓய்வெடு" என்றார். கழகம் எடுத்துத் தந்த டிக்கெட்டில் வந்து ஆறு கிழமை ஆகிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. இப்போது முகாமையாளர் வாட்ஸ்அப்பில் ஒரு தாள் அனுப்பி, கையெழுத்து வைத்தால் ஒரு மாதச் சம்பளம் தருகிறோம் என்கிறார். மாமா திருகோணமலை நீதிமன்றத்தில் வழக்குப் போடச் சொல்கிறார். கூட்டாளிமார் பீபா காப்புறுதி கிடைக்கும் என்கிறார்கள். மாடு மாதிரி வேலை வாங்கிவிட்டு எறிந்துவிட்டார்கள். இவர்களை என்ன செய்யலாம்?

பதில்:

தம்பி, மேலே இருப்பது சுருக்கம்தான், உங்கள் கடிதம் நான்கு பக்கம். களைப்பு, ஊசி, பயிற்றுவிப்பாளரின் பேச்சு, பறிபோன முகாம் எல்லாம் விரிவாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி வருகிறது: "கழகம் எடுத்துத் தந்த டிக்கெட்." உங்கள் வழக்கே அந்த ஒரு வரிதான். நீங்கள் கழகத்தை விட்டு வந்தீர்களா, கழகம் உங்களை அனுப்பியதா? நாளைக்கு யார் விசாரித்தாலும் முதலில் கேட்கப்போவது இதைத்தான். கழகம் அனுப்பியது என்றால் ஒப்பந்தம் இன்றும் உயிரோடு இருக்கிறது, சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்களாக வந்தீர்கள் என்று ஆகிவிட்டால், ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள். கழகம் உங்களிடமே நட்டஈடு கேட்கலாம்.

காயம் ஒப்பந்தத்தை முடிக்காது. உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவில் வீரர்-கழகப் பிணக்குகளை விசாரிக்கும் பிணக்குத் தீர்வு சபை இதில் பல ஆண்டுகளாக ஒரே பக்கம்தான் நிற்கிறது: வீரர் காயப்பட்டார் என்பது அவரை நீக்க நியாயமான காரணம் ஆகாது, காயத்தோடு இருக்கும் காலத்துக்கும் சம்பளம் உண்டு. இது உங்கள் முகாமையாளருக்கும் தெரிந்திருக்கும். நீக்கல் கடிதம் தராமல் உங்களிடம் கையெழுத்துக் கேட்பது அதனால்தான்.

களைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் ஸ்பானிய வீரர் ரொட்ரியை உதாரணம் காட்டியிருக்கிறீர்கள். 2024 செப்டெம்பரில் அவர் வீரர்கள் வேலைநிறுத்தத்துக்கு நெருக்கத்தில் இருக்கிறார்கள் என்று சொன்னார், சில நாளிலேயே முழங்கால் தசைநார் அறுந்து அந்தப் பருவத்தின் பெரும்பகுதியை இழந்தார். இன்னொரு ஸ்பானிய வீரர் பெட்ரி 18 வயதில் ஒரே பருவத்தில் யூரோ (ஐரோப்பியக் கிண்ணம்), ஒலிம்பிக் எல்லாம் சேர்த்து 70க்கு மேற்பட்ட போட்டி ஆடி, அடுத்த பருவத்தில் தொடைத் தசையோடு போராடினார். இந்தச் சுமை உண்மையானது, அநியாயமானது. அதற்காகத்தான் ஐரோப்பிய வீரர் சங்கங்களும் லீக்குகளும் 2024 அக்டோபரில் ஐரோப்பிய ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தன. 2025 ஜூலையில் போட்டிக்கும் போட்டிக்கும் இடையே 72 மணி நேரம், பருவ முடிவில் 21 நாள் ஓய்வு வேண்டும் என்று பீபாவும் அறிவித்தது. ஆனால் அந்த அறிவிப்பு உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வாசகம் அல்ல. நீங்கள் அனுப்பிய பிரதியை இரண்டு தரம் படித்தேன், போட்டி எண்ணிக்கைக்கு வரம்பு எங்கும் இல்லை. "களைப்பால்தான் கிழிந்தது" என்று நிரூபிக்கப் போனால், பின்தொடைக் காயத்துக்கு மிகப் பெரிய காரணம் முன்பு வந்த பின்தொடைக் காயம்தான் என்று கழக வைத்தியர் எழுதித் தருவார். அதில் உண்மையும் இருக்கிறது. அந்தச் சண்டையில் உங்களிடம் உள்ள நேரமும் காசும் கரையும். ஊசி விஷயமும் அப்படித்தான். என்ன மருந்து, எழுத்தில் சம்மதம் வாங்கினார்களா என்ற பதிவு உங்கள் கையில் இல்லை.

முகாம் வாய்ப்பு போனதற்கு நட்டஈடு கேட்க முடியாது. தெரிவாகியிருப்பீர்கள் என்பது நம்பிக்கை, உரிமை அல்ல. சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. ஏகாம்பரம் மைதானத்தில் வெறுங்காலோடு தொடங்கி அந்த இடம் வரைக்கும் போன பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கோரிக்கையில் அதைச் சேர்த்தால், பலமாக இருக்கும் சம்பளக் கோரிக்கையும் மனத்தாங்கலாகத் தெரியத் தொடங்கும்.

பீபா காப்புறுதி என்று கூட்டாளிமார் சொல்வது கழகப் பாதுகாப்புத் திட்டம். தேசிய அணிக்கு ஆடப் போன இடத்தில் வீரர் காயப்பட்டு, 28 நாளுக்கு மேல் விளையாட முடியாமல் போனால், அவருக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கும் கழகத்துக்குக் கிடைக்கும் பணம் அது. நீங்கள் காயப்பட்டது கழகப் போட்டியில். பணமும் வீரர் கைக்கு வருவதில்லை. அதை மறந்துவிடுங்கள்.

மாமா சொல்கிற திருகோணமலை நீதிமன்றமும் வேண்டாம். எதிராளி மாலைதீவில், சொத்தும் மாலைதீவில். இங்கே தீர்ப்பு வாங்கினாலும் அதை வைத்து என்ன செய்வது? நீங்கள் வெளிநாட்டு வீரர் என்பதால் பிணக்குத் தீர்வு சபைக்குப் போகலாம். வீரர்களுக்கு அங்கே கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். (உள்ளூர்க் கழகங்களுக்கு ஆடுகிற தம்பிமாருக்கு இந்த வழி இல்லை. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்கிறதா, ஊழியர் சேமலாப நிதி கட்டப்படுகிறதா என்பது. "செலவுக் காசு" மட்டும் வாங்கிக்கொண்டு காயப்பட்டவர்களுக்கு என்னால் அதிகம் செய்ய முடிந்ததில்லை.)

சரி, இனி நான் உண்மையில் பயப்படுகிற விஷயம். சட்டம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். கெட்டது பெரும்பாலும் ஊருக்கு வந்த பிறகுதான்.

முதலாவது, மௌனம். ஆறு கிழமையாக நீங்கள் கழகத்துக்கு எழுத்தில் ஒன்றும் அனுப்பவில்லை. "கோல் எடுத்தேன், அவங்க ஆன்சர் பண்ணல்ல" என்பது சாட்சியம் ஆகாது. கழகம் நாளை ஒரே ஒரு வசனம் எழுதும்: அனுமதி இல்லாமல் நாடு திரும்பினார், பலமுறை அழைத்தும் வரவில்லை. அதற்கு எதிராக உங்களிடம் இருப்பது பயிற்றுவிப்பாளர் வாயால் சொன்னது. அவர் அடுத்த பருவத்துக்கும் அதே கழகத்தில் வேலை செய்ய வேண்டியவர், உங்களுக்காகச் சாட்சி சொல்ல மாட்டார். ஆகவே டிக்கெட்தான் உங்கள் சாட்சி. யார் பணத்தில், எந்த மின்னஞ்சலில் இருந்து பதிவானது, ஒரு வழியா இருவழியா என்று தேடி எடுங்கள். இருவழி டிக்கெட் என்றால், திரும்பி வருவீர்கள் என்றுதான் கழகமும் நினைத்திருக்கிறது என்று ஆகும். ஒரு வழி என்றாலும் பயப்பட வேண்டாம், பணம் அவர்களுடையது என்பதே பெரிது.

இன்று இரவே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதாது. கழகத்தின் அறிவுறுத்தலில், கழகம் தந்த டிக்கெட்டில், சிகிச்சைக்காக வந்தேன். இன்ன திகதியில் எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கை இணைப்பில் உள்ளது. ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளது. கழக வைத்தியர் எப்போது கூப்பிட்டாலும் வரத் தயார், பயணத் திகதியை அறிவியுங்கள். இவ்வளவும் போதும். கோபம் ஒரு வரியிலும் வரக் கூடாது. ஊசிக் கதையும் வேண்டாம்.

இரண்டாவது, மைதானம். இதை எழுதும்போது என்னிடம் வழக்கோடு வந்த ஒரு பழைய கட்சிக்காரர் நினைவுக்கு வருகிறார். அவருக்கும் காயம், அவருக்கும் வெளிநாட்டு ஒப்பந்தம், பத்திரங்கள் எல்லாம் சுத்தம். பெருநாளுக்கு ஊருக்குப் போனவரைக் கூட்டாளிமார் எழுவர் சுற்றுப்போட்டிக்கு இழுத்தார்கள். "கோல் காப்புத்தானே, ஓடத் தேவையில்லை" என்று இருபது நிமிடம் நின்றார். யாரோ முகநூலில் நேரலை போட்டார்கள். மூன்றாம் நாள் அந்தக் காணொளி கழகத்தின் கையில். கிழிந்த தசைக்கு அறிக்கை இருந்தும், அதற்குப் பிறகு அவர் சொன்ன எதையும் எதிர்ப்பக்கம் நம்பவில்லை. கடைசியில் பாக்கிச் சம்பளத்தில் பாதிக்குத்தான் முடிந்தது. கிண்ணியாவிலும் மூதூரிலும் சுற்றுப்போட்டிக்குக் குறைவே இல்லை, உங்களைக் கூப்பிடாமலும் இருக்க மாட்டார்கள். பரிசளிப்புக்கு வேண்டுமானால் போங்கள், பூட்ஸ் போடாதீர்கள். அப்பாவோடு கரைவலை இழுக்கிற படம் போட்டிருக்கிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இருக்கிற படத்தை இப்போது அழிக்க வேண்டாம், அழித்தால் மறைத்தீர்கள் என்பார்கள். எந்தத் திகதியில் எடுத்த படம் என்று எனக்குச் சொல்லுங்கள். காயத்துக்கு முந்தியது என்றால் பிரச்சினை இல்லை. இனிமேல் வலையைத் தொடாதீர்கள்.

தேசிய முகாமில் இருந்து தாமதமாக அழைப்பு வந்தாலும் இதே கவனம் வேண்டும். காயம் என்று அறிவியுங்கள், சம்மேளன வைத்தியர் பார்க்க வேண்டும் என்றால் காட்டுங்கள். அது உங்கள் கடமையும்கூட. ஆனால் "ஒரு தரம் ஓடிப் பார்ப்போம்" என்று பயிற்சியில் இறங்க வேண்டாம். ஆசை இழுக்கும், தெரியும். முகாமில் முழுவேகத்தில் ஓடியவர் கழகத்துக்கு மட்டும் காயம் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, கோபத்தில் ஒப்பந்தத்தை நீங்களே முடிப்பது. இரண்டு மாதச் சம்பளம் வராவிட்டால் வீரர் நியாயமான காரணத்தோடு விலகலாம் என்று பீபா விதி 2018 முதல் சொல்கிறது. பலர் இந்த அரைவாசியை மட்டும் வாசித்துவிட்டு "நான் விலகுகிறேன்" என்று அனுப்பிவிடுகிறார்கள். மற்ற அரைவாசி இது: முதலில் எழுத்தில் அறிவித்தல் கொடுக்க வேண்டும், பாக்கியைக் கட்டக் குறைந்தது 15 நாள் விட வேண்டும். அறிவித்தல் இல்லாமல் விலகினால், வெல்ல வேண்டிய இடத்தில் நீங்கள் பதில் சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். முதல் மின்னஞ்சலுக்கு அடுத்த நாள், தனியாக, 2,400 டொலர் பாக்கிக்கு அந்த 15 நாள் அறிவித்தலை அனுப்புங்கள். விலகுவதா இல்லையா என்பதைப் பதினாறாம் நாள் பேசுவோம்.

அப்புறம் அந்தத் தாள். "பரஸ்பர சம்மதத்தில் ஒப்பந்தம் முடிவுறுகிறது, இருதரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற இரண்டாம் பந்திதான் அதன் உயிர். கையெழுத்து வைத்த நிமிடத்தில் பாக்கி இரண்டு மாதமும் போய்விடும், மீதி நான்கு மாதமும் போய்விடும். அவர்கள் தருகிற 1,200 டொலர் உங்களுக்கு ஏற்கனவே வர வேண்டிய காசில் பாதிதான். கையெழுத்துக்குப் பிறகு காசு வரும் என்றும் அதில் இருக்கிறது. கையெழுத்து வைத்த பின் காசுக்காக எட்டு மாதம் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்களுக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்கிறேன்: சமாதானமாக முடியுங்கள். இந்தத் தாளில் அல்ல, வேறு தாளில்.

கணக்கைப் பாருங்கள். பாக்கி 2,400, மீதி நான்கு மாதத்துக்கு 4,800, மொத்தம் 7,200 டொலர். முழுவதற்கும் சபைக்குப் போனால் வெல்ல நல்ல வாய்ப்பு இருக்கிறது. வென்ற பிறகு 45 நாளில் கட்டாவிட்டால் கழகத்துக்குப் புதிய வீரர்களைப் பதிவு செய்யத் தடை வரும், அது மூன்று பதிவுக் காலம் (கழகங்கள் வீரர்களைச் சேர்க்கத் திறந்திருக்கும் காலம்) வரை நீளலாம். பெரிய கழகம் இதற்குப் பயந்து கட்டும். உங்கள் கழகம் மற்ற வீரர்களுக்கும் சம்பளம் கொடுக்கவில்லை என்று நீங்களே எழுதுகிறீர்கள். அடுத்த வருடம் அந்தக் கழகம் இருக்குமா? இல்லாத கழகத்தின் மீது பெற்ற தீர்ப்பைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், காலுக்குப் பயிற்சிச் சிகிச்சை தருகிற பிசியோவுக்குக் கொடுக்க முடியாது. மேன்முறையீடு என்று சுவிட்சர்லாந்தின் லொசானில் உள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரைக்கும் இழுத்தால் அங்கே செலவும் உண்டு. உங்களுக்கு 24 வயது. அடுத்த பதிவுக் காலத்துக்குள் கால் சரியாகி, பிணக்கு இல்லாத வீரராக வேறு கழகத்தின் முன் நிற்பது, சமாதானத்தில் விட்டுக்கொடுக்கிற இரண்டு மூவாயிரம் டொலரை விட உங்களுக்குப் பெறுமதி.

ஆகவே பாக்கி 2,400 முழுதாக, அதில் ஒரு டொலரும் குறையக் கூடாது. மீதி நான்கு மாதத்தில் இரண்டு மாதம் கேளுங்கள், ஒன்றரைக்கு வந்தாலும் நான் ஒப்புக்கொள்ளச் சொல்வேன். எம்.ஆர்.ஐ., பிசியோ பற்றுச்சீட்டுகளுக்கான காசு தனியாக. பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கு, கையெழுத்துக்கு முன். தவணை என்றால் ஒரு தவணை தவறினாலும் முழுத்தொகையும் உடனே கட்ட வேண்டும் என்ற வாசகம் இருக்க வேண்டும். முகவர் "நான் பேசி முடிக்கிறேன்" என்றால், அவருக்குக் கழகத்திடம் இருந்து ஏதும் வருகிறதா என்று நேரே கேளுங்கள்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை நீங்கள் படம் எடுக்கவில்லை. பிணக்கு வந்தால் மாலைதீவு உள்நாட்டு நடுவர் குழுவுக்குத்தான் போக வேண்டும் என்று அங்கே எழுதியிருந்தால் நான் மேலே சொன்ன வழி மாறலாம். அந்தப் பக்கத்தையும் டிக்கெட்டையும் மின்னஞ்சலுக்கு முன் எனக்கு அனுப்புங்கள்.