டெம்போ வாடகை

அன்புள்ள ஐயா,

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஒரு தமிழ்ச் சபையின் கமிட்டியில் இருக்கிறேன். எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் முப்பது பேர் இருந்தார்கள், இப்போது எட்டுப் பேர். மற்றவர்கள் ஆங்கில ஆராதனைக்குப் போய்விட்டார்கள். செயலாளராக இருக்கும் பெண்ணும் சோர்ந்துவிட்டார். போன கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் போய்ப் பாடும் கேரல் ரவுண்ட்ஸுக்குக் கமிட்டியைக் கேட்காமல் டெம்போ பிடித்தார். கணக்கு கேட்டோம். அதிலிருந்து முகம் கொடுத்தே பேசுவதில்லை. இவர்களை எப்படி ஊக்கப்படுத்துவது? கிட்டார், டிரம்ஸ் அனுமதிக்கலாமா? நல்ல பயிற்சி முகாம் இருந்தால் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கிட்டாரைப் பற்றி எனக்குக் கருத்தே இல்லை. வேண்டுமென்றால் வாங்குங்கள். ஆங்கில ஆராதனையும் அப்படித்தான். இங்கேயே பிறந்த பிள்ளை பாமாலைப் பாட்டுப் புத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசிக்கிறது என்றால், வீட்டில் தமிழ் சொல்லிக்கொடுக்காதவர்கள் நாம்தானே?

எனக்கு உறுத்தியது அந்த டெம்போ. வாடகையை யார் கொடுத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அந்தப் பெண் தன் கையிலிருந்து கொடுத்திருப்பார். கேரலில் கிடைத்த காணிக்கைக் கவர்களெல்லாம் கமிட்டிப் பெட்டிக்குப் போயிருக்கும். சரிதானே?

நானும் செயலாளராக இருந்தவன். 1991, ஆஸ்டின் டவுன் பக்கம், எனக்கு 22 வயது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் விடச் சொன்ன காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு டிசம்பர் 11 அன்று மத்திய அரசிதழில் வந்தது. 12, 13 தேதிகளில் பெங்களூர்த் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை உங்கள் வயதுக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸில் வாயைத் திறக்காமல் போய்வந்த நாட்கள். அந்த வருஷம் கேரலுக்குப் போவதா, வேண்டாமா? கமிட்டி இரண்டு மணி நேரம் பேசிவிட்டு, "தம்பி, உங்க இஷ்டம்" என்றது. ஏதாவது ஆனால் என் தலை.

போனோம், பதினான்கு பேர். தெருவில் பாடவில்லை. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, டோலக் இல்லாமல், மெதுவாகப் பாடினோம். பின்னி மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற தாத்தா ஒருவர், எந்தக் கமிட்டியிலும் இல்லாதவர், கூப்பிடாமலே வந்து சேர்ந்துகொண்டார். அவருக்குப் பாட வராது. டார்ச்சும் சுக்குக் காபி பிளாஸ்க்குமாக வரிசைக்குக் கடைசியில் நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் எங்களை எண்ணினார். தெருமுனையில் போலீஸ்காரர் நிறுத்தியபோது அவரே கன்னடத்தில் பேசிக்கொண்டார். எனக்கு ஒரு புத்திமதிகூடச் சொல்லவில்லை. ஒன்பது மணிக்குக் கடைசிப் பிள்ளையையும் வீட்டில் விட்டபிறகு என்னைப் பார்த்து, "சாப்பிட்டியாப்பா?" என்றார். காலையிலிருந்து நான் சாப்பிட்டிருக்கவில்லை. அது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

முகாம் கேட்டீர்கள். வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்துக் கிடந்தபோது தூதன் வந்து முகாமா நடத்தினான்? எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்றுவிட்டு மனுஷன் திரும்பவும் படுத்துக்கொண்டார். அதற்கும் திட்டவில்லை. மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பிடச் சொன்னான்.

ஜனவரியில் கமிட்டி என்னிடமும் கணக்கு கேட்டது. டார்ச் பேட்டரிக்கு ரசீது இல்லை. அதைப் பற்றியே அரை மணி நேரம். பதினான்கு பிள்ளைகளும் பத்திரமாகத் திரும்பினார்களா என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த வருஷம் நான் செயலாளராக இல்லை.

கணக்கு கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. முன்பணம் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். ஐக்கியத்துக்கென்று ஒரு பெட்டி வையுங்கள், சாவி செயலாளரிடம் இருக்கட்டும். வரும் டிசம்பரில் உங்கள் கமிட்டியில் யாராவது இரண்டு பேர் கடைசியில் நடங்கள், வாயை மூடிக்கொண்டு.

அதற்கு முன்னால் அந்த டெம்போ வாடகையைத் திருப்பிக் கொடுங்கள். கூட்டத்தில் வைத்து வேண்டாம், வீட்டுக்குப் போய்க் கொடுங்கள். கடிதத்தில் எங்கேயும் நீங்கள் பெயர் சொல்லாததால் நானும் "அந்தப் பெண்" என்றே எழுத வேண்டியதாயிற்று. கவரின் மேலாவது பெயரை எழுதுங்கள்.