பகா எண்ணா என்று பார்க்கப் பாதி வரை வகுக்க வேண்டியதில்லை

“397 பகா எண்ணா என்று பார்க்க 198 வரை எல்லா எண்களாலும் வகுக்கச் சொல்லியிருக்கிறார்கள், மகன் அழுகிறான், வேறு வழி உண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. எட்டே எட்டு எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். (பகா எண் என்றால் 1ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியில்லாமல் வகுபடும், 1ஐவிடப் பெரிய எண்.) நாளைக்குக் காட்ட வேண்டிய வீட்டுப்பாடமாக இருக்கும், நீங்களும் கணக்கை விட்டு வருடக்கணக்கில் ஆகியிருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்தப் ‘பாதி வரை’ விதியால் எனக்கு இரண்டு மதிப்பெண் போயிருக்கிறது. ஆறாம் வகுப்புத் தேர்வில் 211 கொடுத்திருந்தார்கள். 2, 3, 5 மூன்றாலும் வகுபடாது, பார்த்தாலே தெரியும். 7ஆல் வகுத்தால் மீதி 1, 11ஆல் வகுத்தால் 2, 13ஆல் வகுத்தால் 3. அதோடு நிறுத்தி ‘பகா எண்’ என்று எழுதினேன். தாள் திரும்பி வந்தபோது குறுக்கே சிவப்புக் கோடு, பக்கத்தில் “105 வரை பார்க்கவில்லை”. எழுந்து போய், “சார், பதினேழு பதினேழு 289 வருது, அது 211ஐத் தாண்டிடுச்சே சார்” என்றேன். “விடை சரி, வழி தப்பு. போய் உட்காரு” என்றார்.

வழி தப்பில்லை. அதை எனக்குக் காட்டியது என் அக்கா. 60இன் காரணிகளை ஜோடி ஜோடியாக எழுதச் சொன்னாள்: 1-60, 2-30, 3-20, 4-15, 5-12, 6-10. இடது பக்கம் ஏறுகிறது, வலது பக்கம் இறங்குகிறது. 7ஆல் வகுபடாது, எட்டெட்டு 64 என்று 60ஐத் தாண்டிவிடுகிறது. “இதுக்கு மேல புதுசா எது வரும், சொல்லு?” என்றாள். 10 வரும், ஆனால் அது 6க்கு ஜோடியாக ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஒரு எண்ணுக்கு 1ஐயும் தன்னையும் விட்டு வேறு காரணி இருந்தால், ஜோடியில் ஒன்றாவது அதன் வர்க்கமூலத்துக்குள் (தன்னைத்தானே பெருக்கினால் அந்த எண்ணைத் தருவது) இருந்தே தீர வேண்டும். இரண்டுமே அதைவிடப் பெரிதானால் பெருக்கல் அந்த எண்ணைத் தாண்டிவிடுமே! அதிலும் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 2ஆல் வகுபடாதது 6ஆல் எப்படி வகுபடும்?

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வர்க்கமூலம் முழு எண்ணாக வந்தால் அதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 169க்கு 11ஓடு நிறுத்தினால் 13×13 கையை விட்டுப் போய்விடும். 7ஐச் சோம்பேறித்தனமாகத் தாண்டுவதும் கூடாது, 91ஐப் பகா எண் என்று எழுதுகிறவர்கள் எல்லாம் அங்கேதான் விழுகிறார்கள் (7×13).

“பெரிய எண்ணுக்கு இது ஆகுமா?” என்று யாராவது கேட்பார்கள். ஆகாது, தெரியும். 2இன் 67ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் 21 இலக்க எண், பகா எண் இல்லை என்று 1876இல் லூக்காஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் காட்டிவிட்டார். ஆனால் அதன் இரண்டு காரணிகளை எழுதிக் காட்ட 1903இல் கோல் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் வர வேண்டியிருந்தது. பகா எண்ணா என்று சோதிப்பது ஒன்று, காரணி கண்டுபிடிப்பது வேறொன்று. நான் சொல்வது மூன்று நான்கு இலக்க வீட்டுப்பாடத்துக்கு.

சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஓரத்தில் ‘ரஃப் ஒர்க்’ போடச் சொல்லி, கடைசியில் அதையே குறுக்கே அடிக்கச் சொல்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கவே இல்லை. பிள்ளை யோசித்தது முழுக்க அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. என் 289உம் அங்கேதான் இருந்தது, யாரும் பார்க்கவில்லை.

சரி, 397. இருபது இருபது 400, அதனால் 19 வரை போதும். 2, 3, 5 ஆகாது. மிச்ச ஐந்தையும் உங்கள் மகனே போடட்டும். 7க்கு மீதி 5, 11க்கு 1, 13க்கு 7, 17க்கு 6, 19க்கு 17 வர வேண்டும். வேறு ஏதாவது வந்தால் கழித்தலை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். ‘20×20 = 400, 397ஐத் தாண்டிவிட்டது’ என்ற வரியை ஓரத்தில் இல்லாமல் விடைக்குள்ளேயே எழுதச் சொல்லுங்கள்.